நாங்களும் பரதேசிதான்!

என் அவ்வாவுக்குக் கோபம் வந்தால் வாயிலிருந்து முதலில் விழும் வார்த்தை, "பரதேசி!"

அவ்வா என்றால் பாட்டி. எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். ஆனால் திட்டுவதற்கு மட்டும் தமிழ்தான் சரிப்படும் என்பது அவ்வாவின் அபிப்பிராயம். பாவில் இழை அறுந்தால் நான் பரதேசி. கணக்கில் மார்க் குறைந்தால் பரதேசி. பி.காம். பாஸ் பண்ணிவிட்டுத் தறியில் உட்கார மாட்டேன், பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்று சொன்ன அன்று, "படிச்ச பரதேசி" என்று புரொமோஷனே கொடுத்துவிட்டாள்.

ஆகவே கொச்சியில் 'பரதேசி ஸினகாக்' என்று ஒரு கோயில் இருப்பதாகக் கேள்விப்பட்டதும், அதைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவு செய்தேன். ஸினகாக் என்றால் யூதர்களின் ஜெப ஆலயம். அதற்கு யார் என் பட்டப் பெயரை வைத்தார்கள்?

போனது என்னவோ வேறு காரியமாகத்தான். சித்தப்பா மகள் எர்ணாகுளத்தில் வீடு கட்டி, போன தை மாசம் கிரகப்பிரவேசம். ஐயம்பேட்டையிலிருந்து நானும் நைனாவும் கிளம்பினோம். நைனா, என் அப்பா. எழுபது வயசு. அதில் அறுபது வருஷம் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தவர். ரயிலில் கூட காலைத் தொங்கப் போட்டுத்தான் தூங்குவார்.

அந்தப் பயணத்தில் எங்களுக்குள் பேச்சு வார்த்தை அவ்வளவு சரியில்லை. காரணம் எங்கள் தெரு ராமர்.

ஸ்ரீராம நவமிக்கு எங்கள் பஜனை மடத்து ராமர் பல்லக்கில் வீதியுலா வருவார். தூக்குவதற்குப் பதினாறு பேர் வேண்டும். நான் பையனாக இருந்த காலத்தில் தோள் கொடுக்கச் சண்டை நடக்கும். இப்போது தெருவில் தறிச் சத்தமே கால்வாசிதான். பையன்கள் ஒரகடம் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். விடிகாலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கிறது. அதுதான் இப்போது எங்களுக்குச் சுப்ரபாதம். போன வருஷம் எண்ணிப் பார்த்தோம். ஒன்பது பேர். ராமரை டிராக்டரில் ஏற்றினோம். நைனா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

"பின் தெருப் பசங்களைக் கூப்பிடலாமே" என்று நான் ஒரு யோசனை சொன்னேன். பின் தெருக்காரர்கள் எங்கள் ஜனம் இல்லை.

"வழக்கம் இல்லை" என்றார்கள் பெரியவர்கள். முதலில் அதைச் சொன்னது நைனாதான்.

எர்ணாகுளம் போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை. கிரகப்பிரவேசம் மறுநாள் விடிகாலையில். சும்மாதானே இருக்கிறோம் என்று பஸ் பிடித்து மட்டாஞ்சேரி போனோம். டச்சு அரண்மனையைத் தாண்டி ஒரு குறுகலான தெரு. இரண்டு பக்கமும் பழைய வீடுகள். இப்போது எல்லாம் பழம்பொருள் கடை, துணிக் கடை. நடுநடுவே மிளகும் சுக்கும் வாசனை. ஒரு ஜன்னல் கம்பியில் ஆறு முனை நட்சத்திரம். தெருக் கோடியில் மணிக்கூண்டு. அதை ஒட்டி ஸினகாக். வாசல் கதவு சாத்தியிருந்தது.

சனிக்கிழமை விடுமுறை! யூதர்களுக்கு அது ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் ஆரம்பித்து, சனிக்கிழமை பொழுது சாயும் வரை எந்த வேலையும் கூடாது. அடுப்புகூட மூட்டக் கூடாது.

பஸ் காசு தண்டமாயிற்றே என்று நைனா கத்துவார் என்று பயந்தேன். அவரோ மூடிய கதவை மரியாதையாகப் பார்த்தார். "நாம அமாவாசைக்குத் தறி ஓட்டமாட்டோம் இல்லையா? அது மாதிரி. நாளைக்கு வருவோம்" என்றார். இரண்டு நாளில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

ஞாயிற்றுக்கிழமை, பால் காய்ச்சி, பாயசம் சாப்பிட்டு, மத்தியானத்துக்கு மேல் மறுபடி போனோம். டிக்கெட் வாங்கினோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும் என்றார்கள். "பரவாயில்லை, நம்ம வழக்கம் தெரிஞ்சவங்கதான்" என்று நைனா ஒரு பாஸ் மார்க் போட்டார்.

முன்னறையில் சரித்திரத்தைப் படங்களாக வரைந்து மாட்டியிருக்கிறார்கள். கி.பி. 70-ல் ஜெருசலேம் கோயில் இடிக்கப்பட்ட பிறகு தங்கள் முன்னோர்கள் கப்பலேறி வந்து கொடுங்கல்லூர்ப் பக்கம் இறங்கினார்கள் என்பது கேரள யூதர்களின் மரபு. கொடுங்கல்லூர்ப் பக்கம் என்றால் நம் சங்க காலத்து முசிறிக்கு அக்கம்பக்கம். மிளகு வாங்க உலகமே வந்து நின்ற துறை அது.

அவர்களுக்குக் கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னன் ஒரு செப்பேடு கொடுத்தான். அந்தச் செப்பேடு இந்த ஸினகாக்கின் பொக்கிஷம். 2017-ல் பிரதமர் மோடி இஸ்ரேல் போனபோது அதன் நகலைத்தான் பரிசாகக் கொண்டுபோனார். எழுத்து வட்டெழுத்து. பாஷையோ, தமிழும் மலையாளமும் இன்னும் பாகப் பிரிவினை செய்துகொள்ளாத காலத்துப் பாஷை; நாம் நிதானமாகக் கேட்டால் பாதி புரியும். கொடுக்கப்பட்டவர் பெயர் ஜோசப் ரப்பான். செப்பேட்டில் அவர் 'இஸ்ஸுப்பு இரப்பான்' ஆகிவிட்டார். தமிழில் இரப்பான் என்றால் பிச்சை கேட்பவன். ஆனால் பாருங்கள், அந்த இரப்பானுக்கு ராஜா கொடுத்தது எழுபத்திரண்டு உரிமைகள்! வரி கிடையாது. பல்லக்கில் போகலாம். குடை பிடித்துக்கொள்ளலாம். தோரணம் கட்டலாம். பட்டப்பகலில் விளக்கு ஏந்தி வரலாம். அப்புறம், பாவாடை.

"ராஜா எதுக்குடா ஆம்பிளைக்குப் பாவாடை கொடுத்தாரு?" என்றார் நைனா.

"அந்தப் பாவாடை இல்லை நைனா. நடந்து வரும்போது தரையில விரிக்கிற துணி. நடைபாவாடை."

நெசவாளி முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லு. அதையும் எவனோ ஒருத்தன் நெஞ்சுதானே கொடுத்திருப்பான்!"

அந்தப் பட்டியலில் வடுகப் பறை என்று ஒன்று வருகிறது. வடுகு என்றால் தெலுங்கு. யூதர் தலைவருக்குச் சேர மன்னன் அனுமதித்த வாத்தியங்களில் தெலுங்குப் பறையும் ஒன்று என்றதும் நைனா சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். எங்கள் ஜனம் கிருஷ்ணதேவராயர் காலத்தில் காஞ்சிபுரத்துக்கு வந்தது என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அதற்கு ஐந்நூறு வருஷம் முந்தியே நம்மாள் பறை இங்கே வந்திருக்கிறதே என்று அவருக்குப் பெருமை.

சரி, 'பரதேசி' எங்கிருந்து வந்தது? 1492-ல் ஸ்பெயின் தேசத்து ராஜாவும் ராணியும் உத்தரவு போட்டார்கள்: யூதர்கள் மதம் மாற வேண்டும், இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போக வேண்டும். ஓடியவர்களில் சில குடும்பங்கள் ஊர் ஊராகச் சுற்றிக் கொச்சி வந்து சேர்ந்தன. ஏற்கெனவே இங்கே இருந்தவர்கள் மலபாரி யூதர்கள். பின்னால் வந்தவர்கள் பர தேசத்துக்காரர்கள், அதாவது பரதேசி யூதர்கள். அந்த வார்த்தைக்கு மூல அர்த்தமே அவ்வளவுதான். வேற்றூர்க்காரனைப் பிச்சைக்காரன் ஆக்கியது பிற்பாடு நாம் செய்த உபயம்.

1568-ல் கொச்சி ராஜா தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுக்க, இந்த ஸினகாக் எழுந்தது. பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கத்தில்? அரண்மனை வளாகத்துப் பகவதி கோயிலுக்கும் இதற்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் ஹீப்ரு பிரார்த்தனை, அந்தப் பக்கம் அம்மனுக்கு மணி. நம் தெருவில் பொதுச் சுவருக்காக எத்தனை கேஸ் நடக்கிறது, நினைத்துப் பாருங்கள்!

1662-ல் போர்ச்சுகீசியர்கள் இதைத் தாக்கி நாசம் செய்தார்கள். அடுத்த வருஷம் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். அவர்கள் காலத்தில் மறுபடி கட்டினார்கள். டச்சுக் கம்பெனிக்கு வேண்டிய பெரிய வியாபாரி எஸக்கியேல் ரஹபி 1760-ல் மணிக்கூண்டு கட்டினார். அந்தக் கடிகாரத்தில் மணி ஹீப்ருவில் இருக்கிறது, மலையாளத்தில் இருக்கிறது, ரோமன் எழுத்திலும் இருக்கிறது. யார் வந்தாலும் 'மணி தெரியலை' என்று சாக்குச் சொல்ல முடியாது.

உள்ளே போனோம். நைனா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

தரை முழுக்க நீலமும் வெள்ளையுமாகச் சீனப் பீங்கான் ஓடுகள். 1762-ல் ரஹபி சீனாவிலிருந்து தருவித்தது. ஆயிரத்துக்கு மேல். எல்லாம் கையால் வரைந்தது. ராஜா அரண்மனைக்காக வரவழைத்ததாகவும், செய்முறையில் பசு ரத்தம் சேர்ந்திருக்கிறது என்று யாரோ சாமர்த்தியசாலி ஊதிவிட, ராஜா பதறிப்போய் ஓடுகளை இவர்களுக்கே கொடுத்துவிட்டதாகவும் ஒரு கதை உலவுகிறது. கதைதான். ஆனாலும் வியாபாரம் படித்தவன் என்ற முறையில் அந்தச் சாமர்த்தியசாலியை மனசுக்குள் கும்பிட்டுவிட்டேன்.

"இதையெல்லாமா மிதிக்கச் சொல்றாங்க?" என்று நைனா ஓரமாகவே, விரல் நுனியில் நடந்தார். புட்டா புட்டாவாகக் குனிந்து பார்த்தார். "ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லைடா. டிசைன் அட்டை வெச்சுப் போட்டது இல்லை. கைதான்."

மேலே பெல்ஜியம் கண்ணாடி சர விளக்குகள். நடுவில் பித்தளைக் கம்பி அடைத்த மேடை, பிரார்த்தனை நடத்துபவர் நிற்க. மாடியில் பெண்கள் உட்காரும் இடத்துக்கு முன்னால் இன்னொரு மேடை. ஓய்வு நாளிலும் பண்டிகையிலும் அங்கிருந்துதான் வேதம் வாசிப்பார்கள். இப்படி மாடியில் இரண்டாவது மேடை வைப்பது கேரள யூதர்களுக்கே உரிய வழக்கம். அந்தப் பெண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாட்டுகள் பாடி, நோட்டுப் புத்தகங்களில் எழுதி, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வைத்தவர்கள்.

"சாமி எங்கே?" என்றார் நைனா.

மேற்குச் சுவரில் திரை போட்ட பேழையைக் காட்டினேன். இங்கிருந்து ஜெருசலேம் மேற்கே இருப்பதால் அது மேற்குப் பக்கம். உள்ளே விக்கிரகம் கிடையாது. தோல் சுருளில் கையால் எழுதிய தோரா. மோசேயின் ஐந்து புத்தகங்கள். அந்தச் சுருளுக்குத்தான் மரியாதையெல்லாம். திருவிதாங்கூர் மன்னர் அதற்குத் தங்கக் கிரீடமே கொடுத்திருக்கிறார். வருஷம் முழுக்க வாரா வாரம் வாசித்து, முடிகிற நாளில் பெரிய பண்டிகை. அன்றைக்குச் சுருள்களைக் கையில் ஏந்தி, பாடிக்கொண்டே ஸினகாக்கை வெளியில் சுற்றி வருவார்கள். அது கொச்சி யூதர்களின் வழக்கம்.

"அப்போ அதுதான் உற்சவர்" என்றார் நைனா. இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்ல வராது.

"யார் தூக்குவாங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

யூதர்களின் பொதுப் பிரார்த்தனைக்குக் குறைந்தது வயசு வந்த பத்து ஆண்கள் வேண்டும். மின்யான் என்று பெயர். ஒன்பது பேர் இருந்தால், மகா பண்டிதர்களாகவே இருந்தாலும், பேழையைத் திறந்து தோரா வாசிக்க முடியாது. 1948-ல் இஸ்ரேல் உருவானது. 1950-களில் கேரள யூதர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். 1968-ல் நானூறாவது ஆண்டு விழா. இந்திரா காந்தி வந்தார், தபால் தலை வெளியிட்டார்கள். அதற்குள்ளேயே பாதித் தெரு காலி. அப்புறம் பத்தாவது ஆளுக்காகக் காத்திருக்கும் காலம் வந்தது. டூரிஸ்டாக எவராவது யூதர் வந்தால்தான் கணக்கு நேராகும். இன்றைக்கு இந்தத் தெருவில் பரதேசி யூதர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

"யாராவது துரத்தினாங்களா?"

"இல்லை நைனா. இந்த ஊர்க்காரங்க ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலை. அவங்களாத்தான் போனாங்க."

நைனா ரொம்ப நேரம் பேசவில்லை. எங்களையும்தான் யார் துரத்தினார்கள்? தெருமுனையில் ஒரு வேன் வந்து ஹாரன் அடித்தது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. இந்த அழகான தரையிலும் மேடு பள்ளம் இருந்தது. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததியும் இங்கே யூதர்களாகவே வாழ்ந்தார்கள். அதே வேதம், அதே விரதம். ஆனால் இந்த பெஞ்சுகளில் அவர்கள் உட்காரக் கூடாது. தரையில் உட்கார வேண்டும். தோரா வாசிக்கக் கூப்பிட மாட்டார்கள். அந்த வம்சத்தில் 1882-ல் பிறந்தவர் ஏ.பி. சேலம். வக்கீலுக்குப் படித்தவர், காங்கிரஸ்காரர். வெளியே வெள்ளைக்காரனிடம் கேட்ட நியாயத்தை உள்ளேயும் கேட்டார். சொந்தக் கோயிலுக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். வருஷக்கணக்கில் போராடி, ஒவ்வொன்றாக உரிமைகளை வாங்கினார். 'யூத காந்தி' என்று பெயர் எடுத்தார். 1967-ல் இறந்தார். இந்தத் தெருவுக்கு இன்று அவர் பெயர்தான்.

"ஸ்பெயின்காரன் துரத்தி வந்தவங்க. ராஜா இடம் கொடுத்தாரு. இவங்க உள்ளே வந்து, இன்னொருத்தனைத் தரையில உட்கார வெச்சாங்க" என்றேன். "அப்புறம், பத்துப் பேருக்கு ஆள் தேட வேண்டியதாப் போச்சு."

நைனா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் எந்தத் தெருவைச் சொல்கிறேன் என்று அவருக்கா தெரியாது?

வெளியே வந்து நடந்தோம். சாரா கோஹன் என்ற அம்மாளின் எம்பிராய்டரிக் கடையைத் தேடி நைனாவைக் கூட்டிப்போனேன். ஊசி வேலை என்றால் அவர் நின்று பார்ப்பார். அந்த அம்மாள் 2019-ல் தொண்ணூற்றாறு வயதில் காலமானார். குழந்தைகள் இல்லை. கடைசி வரை அவரைத் தாய் மாதிரி பார்த்துக்கொண்டதும், யூத முறைத் தொப்பி தைக்க அவரிடம் கற்றுக்கொண்டதும் ஒரு முஸ்லிம் குடும்பம். அவருக்குப் பிறகும் கடையை விடாமல் வைத்திருந்தவர்கள் அவர்கள்தான்.

"அவங்க ஜனம் இல்லையே?" என்றார் நைனா.

"இல்லை."

அவ்வளவுதான் பேச்சு. ரயிலில் திரும்பும்போது, ஜோலார்பேட்டைப் பக்கம் என்று நினைக்கிறேன், இருட்டில் குரல் வந்தது.

"அந்தச் செப்பேட்டுல எத்தனை நாளைக்குன்னு எழுதியிருக்கு?"

"உலகமும் சந்திரனும் இருக்கிற வரைக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து, "உலகமும் இருக்கு. சந்திரனும் இருக்கு" என்றார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடியே தூங்கிப்போனார்.

மாசி மாசம் பஜனை மடத்தில் கூட்டம் போட்டார்கள். டிராக்டர் வாடகை எவ்வளவு என்று பேச்சு ஆரம்பித்தது. நைனா எழுந்து, "பின் தெருப் பசங்களை நான் போய்க் கூப்பிடறேன்" என்றார். வழக்கம் இல்லையே என்று நாலு குரல். "நாம இந்த ஊருக்கு வந்தது மட்டும் வழக்கமா? யாரோ இடம் விட்டாங்க, உட்கார்ந்தோம். நாமளும் பரதேசிதான்" என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். இரண்டு பெரியவர்கள் அன்றைக்குத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனவர்கள், இன்று வரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஒருவர் எனக்குப் பெரியப்பா முறை.

ஸ்ரீராம நவமியன்று எங்கள் தெருவில் ஒன்பது பேர், பின் தெருவில் ஏழு பேர். பதினாறு தோள். ராமர் பல்லக்கில் ஏறினார். முன் தண்டில் எனக்கு ஜோடி, பின் தெருவில் பைக் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கும் பையன். என்னைவிட அரை அடி உயரம். நாலு வீடு தாண்டுவதற்குள் என் பக்கம் பல்லக்கு சாய்ந்தது.

முன்னால் குடை பிடித்துப் போய்க்கொண்டிருந்த நைனா திரும்பிப் பார்த்து, தெருவே கேட்கும்படி போட்டார்:

"தோளை மாத்துடா, பரதேசி!"

சத்தியமாகச் சொல்கிறேன். அதில் அவர் கத்தியது எங்கள் இரண்டு பேரில் யாரை என்று தெரியவில்லை. இரண்டு பேருமே மாற்றினோம்.